ஒகுயாமா சான் அழுத்தாத பொத்தான்

எங்கள் பக்கத்து வீட்டு ஒகுயாமா தெய்சோ சானைப் போன்ற மரியாதைக்காரரை நான் பார்த்ததில்லை. அந்த மரியாதையைப் போல எனக்கு எரிச்சல் மூட்டின சமாச்சாரமும் வேறில்லை. நாற்பது வருஷம் சலவைக் கடை வைத்திருந்தவர். வாடிக்கையாளர்கள் பனியில் நடந்து வர வேண்டாம் என்று இஸ்திரி போட்ட சட்டைகளைத் தானே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். காய்ச்சலில் உடம்பு கொதிக்கும். கேட்டால் லேசான தும்மல் என்பார். மனைவி இறந்தபோதுகூட, துக்கத்துக்கு வந்தவர்களிடம் இந்தக் குளிரில் உங்களை அலைய வைத்துவிட்டாளே என்றுதான் மன்னிப்புக் கேட்டார்.

எண்பத்து மூன்று வயதில் அந்த வீட்டில் தனியாக இருந்தார். ஒரே மகள் மிவாகோ கல்யாணமாகித் தூரத்து ஒசாகா நகரத்தில். அங்கே வந்துவிடச் சொல்லி அவளும் அலுத்துப்போனாள். அவருக்குத் தன் வீடு வேண்டும், கொல்லையில் போட்ட முள்ளங்கி வேண்டும், சாயங்காலம் ஊர்ப் பொது வெந்நீர்க் குளியல் கூடத்தில் பழைய வாடிக்கையாளர்களோடு ஊறிக் கிடக்க வேண்டும். மருமகன் வீட்டில் ஒண்டிக்கொண்டு, கழிப்பறைக்குப் போவதற்குக்கூட நேரம் பார்த்துப் போகிற மனுஷராக ஆகிவிடுவார் என்பது எனக்கும் தெரியும்.

கடைசியில் அப்பாவும் மகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். கழுத்தில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் சுவரில் உள்ள பெட்டி வழியாக நகர உதவி மையத்திலிருந்து ஒருவர் பேசுவார். கூடவே எனக்கும் போன் வரும், சாவி என்னிடம் இருக்கிறது. இன்னொன்று, வெந்நீர் கெட்டில். அவர் டீக்குத் தண்ணீர் பிடிக்கும்போதெல்லாம் மிவாகோவின் கைபேசிக்குச் செய்தி போய்விடும். இவ்வளவும் செய்துவிட்டு, ஏதாவது ஒன்று ஆனால் அப்புறம் ஒசாகாதான் என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போனாள்.

பொத்தான் வந்த புதிதிலேயே, முள்ளங்கி கழுவக் குனிந்தவர் அதைத் தெரியாமல் அழுத்திவிட்டார். நான் ஈரக் கையோடு ஓடினேன். மையத்திலிருந்து இரண்டு பேர் வண்டியில் வந்தார்கள். மறுநாள் காலையில் கோட்டு போட்டுக்கொண்டு, அழகாகச் சுற்றிய இனிப்புப் பெட்டிகளோடு மன்னிப்புக் கேட்கக் கிளம்பிவிட்டார். எனக்கு ஒன்று, மையத்துக்கு ஒன்று, சும்மா ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்த எதிர்வீட்டுக்கும் ஒன்று. அதற்குப் பிறகு அந்தப் பொத்தானைத் தூங்குகிற பாம்பைப் போலத்தான் நடத்தினார். கழற்றினால் மகள் வருத்தப்படுவாள் என்று சட்டைக்குள் போட்டுக்கொள்வார். கை மட்டும் அதன் பக்கம் போகாது.

புத்தாண்டு அன்று எங்கள் வீட்டில் மோச்சி என்கிற அரிசிக் கொழுக்கட்டை போட்ட சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தேன். மிவாகோ போனில் வந்தாள். குரலே சரியில்லை.

"ஃபுசாகோ சான், அப்பா இன்னும் டீ போடல. போனும் எடுக்க மாட்டேங்கிறாரு. கொஞ்சம் பாத்துட்டு வரீங்களா?"

கதவைத் திறந்தால் சமையலறைத் தரையில் கிடக்கிறார். ஒரு பாதம் கோணலாகத் திரும்பியிருக்கிறது. உதடு குளிரில் நீலம் பாரித்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் படுத்தபடியே தலையைத் தூக்கி வணங்கப் பார்த்தார். புத்தாண்டு வாழ்த்துச் சொன்னார். இந்த வருஷமும் தொந்தரவு கொடுக்கிறேன், மன்னிக்க வேண்டும் என்றார்.

"கழுத்துல என்னத்தக் கட்டித் தொங்க விட்டிருக்கீங்க? அத அழுத்துறதுக்கென்ன?"

"இன்னிக்கு எல்லாரும் குடும்பமா சாப்பிடுற நாளு. பண்டிகை கழியட்டும்னு பாத்தேன்."

எனக்கு வந்த கோபத்தில் அவரை அங்கேயே இரண்டு உலுக்கு உலுக்கியிருப்பேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, ஒரு கம்பளியைப் போர்த்திப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கணுக்கால் எலும்பில் விரிசல் விட்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அந்தத் தரையில் கிடந்திருந்தால் குளிரிலேயே உயிர் போயிருக்கும், காலைப் பற்றிப் பேச்சே இருந்திருக்காது என்றார் டாக்டர்.

பனியில் தாமதமான ரயிலில் மிவாகோ வந்து சேர்ந்தாள். திட்டவில்லை. கால் குணமானதும் மே மாத விடுமுறையில் வந்து கூட்டிப்போகிறேன் என்று மட்டும் சொன்னாள். அவர் சரிம்மா என்றார். மாட்டேன் என்றால் அவளுக்குச் சிரமமாம். அந்தச் 'சரிம்மா'வைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவள் மருந்து வாங்கப் போன நேரத்தில் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒகுயாமா சான், உங்களுக்கு அழுத்துறது கஷ்டமில்ல, மறுநாள் மன்னிப்புக் கேக்கணுமேங்கிறதுதான் கஷ்டம். அத மொத்தமா இப்பவே கேட்டு முடிச்சிருங்க. சாகுற வரைக்கும் எத்தன தடவ அழுத்துவீங்களோ, அத்தனைக்கும் சேத்து."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அப்படிச் செய்வது வழக்கத்தில் உண்டா என்று கேட்டார். இனிமேல் உண்டு என்றேன்.

வீடு திரும்பிய வாரமே கிளம்பினார். மிவாகோ சக்கர நாற்காலியைத் தள்ள, நான் இனிப்புப் பெட்டிகளைச் சுமக்க, அரைகுறையாகப் பனி வாரிய தெருவில் வீடு வீடாகப் போனோம். ஒவ்வொரு வாசலிலும் தலை தாழ்த்தி, இனி நேரப்போகிற தொந்தரவுக்கெல்லாம் சேர்த்து இப்போதே மன்னிப்பு வேண்டினார். மீன்கடைக்காரர் பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, இந்தக் கனத்துக்குத் தாராளமாகத் தினமும் ஒரு தடவை அழுத்தலாம் என்றார். தெருவே சிரித்தது. மிவாகோ மட்டும் சிரிக்கவில்லை.

"மன்னிப்பு கேட்டுருவாரு. ஆனா அழுத்த மாட்டாரு, ஃபுசாகோ சான். எனக்கு எங்கப்பாவத் தெரியும்."

ஒசாகாவில் அவருக்காக ஓர் அறையை அவள் ஏற்கெனவே ஒழித்து வைத்திருந்தாள். வீட்டை விற்பதைப் பற்றிக்கூட யாரிடமோ விசாரித்திருந்தாள்.

ஏப்ரலில் பனி கரைந்து கொல்லை மண் தெரிந்தது. அவர் கைத்தடியோடு நடந்துகொண்டிருந்தார். ஒரு நாள் மத்தியானம் மையத்திலிருந்து எனக்குப் போன். ஒகுயாமா சான் வீட்டுப் பொத்தான். இந்தத் தடவையும் கை தெரியாமல் பட்டிருக்கும் என்று நினைத்தபடியேதான் ஓடினேன். கதவைத் திறக்கும்போது பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் என்ன ஆச்சு என்று கேட்பது காதில் விழுந்தது. அப்புறம் அவர் குரல்.

"தல சுத்துது. பயமா இருக்கு. யாராவது வாங்க."

அவ்வளவுதான் சொன்னார். இத்தனை வருஷப் பழக்கத்தில் பயமாக இருக்கிறது என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். அவரும் விடாமல் பிடித்துக்கொண்டார்.

பயப்பட ஒன்றுமில்லை. புது மாத்திரை ரத்த அழுத்தத்தை அளவுக்கு மீறி இறக்கிவிட்டதாம், ஆஸ்பத்திரியில் மாற்றிக் கொடுத்தார்கள். எனக்கிருந்த பயம் வேறு. மிவாகோவுக்குச் சொல்லியாக வேண்டுமே. ஏதாவது ஆனால் ஒசாகா என்றவள் ஆயிற்றே. சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. மனசைத் திடப்படுத்திக்கொண்டு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்று போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றைத்தான்.

"அழுத்தினது யாரு? அப்பாவா?"

"அவரேதான். வாங்கன்னு வாயத் தொறந்து கூப்பிட்டாரு."

அவள் அழுவது கேட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்ப அவரு தன் வீட்டுலயே இருக்கட்டும்" என்றாள்.

உள்ளே போய் அவரிடம் சொன்னேன். அப்பாடா என்று கட்டிலோரம் உட்கார்ந்தேன். அவர் முகத்தை மூடிக்கொண்டு அழ, கூடச் சேர்ந்து நானும் அழுதேன்.