நான்காம் வரிசையிலிருந்து பார்த்தவர்

மதிப்பெண் பலகையில் எண்கள் விழுந்ததும் நாகானோ அரங்கம் முழுக்க “ஏ...” என்று ஒரு நீண்ட முனகல் எழுந்தது. அந்தக் கூட்டத்துக்கு அதுவே பெரிய கலகம். பனித்தரையில் யார் விழுந்தாலும் கைதட்டுவார்கள், யார் ஜெயித்தாலும் கைதட்டுவார்கள். வாய்விட்டு ஏசுவது அவர்களுக்குப் பழக்கமில்லாத வேலை. அந்த முனகலில் முதலில் கிளம்பியது நிவா மசாயோவின் குரல்தான் என்று பின்னால் அவள் தோழி சனாயே எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டாள்.

கனாமி அன்று ஓரிடத்தில்கூடத் தடுமாறவில்லை. இந்த வருடத்தோடு ஸ்கேட்டிங்கை நிறுத்திவிடுவதாக ஏற்கெனவே சொல்லியிருந்தாள். தேசியப் போட்டியில் மூன்றாவதாக வந்தால் உலகப் போட்டிக்குப் போகலாம். இல்லையென்றால் இதுவே கடைசி. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. ஆனால் பலகை அவளை நான்காம் இடத்தில் வைத்தது. மூன்றாம் இடம் பதினேழு வயது சுமிரேக்கு. வித்தியாசம் அரைப் புள்ளிகூட இல்லை.

கொஞ்ச நேரத்தில் மதிப்பெண் தாள் செல்போனுக்கு வந்தது. கனாமியின் ஃபிளிப் தாவலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குறி. மூன்று சுற்று சுற்ற வேண்டியதில் கால் சுற்று குறைவு என்று அதற்கு அர்த்தம். அந்தக் குறிதான் அவளைக் கீழே தள்ளியிருந்தது.

“கால் சுற்று குறைவாம். எந்தக் கண்ணால பார்த்தாங்களோ,” என்றாள் சனாயே. மருந்துக்கடைக்காரி, கனாமி ரசிகர் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி.

“நடுவர்களோட கேமரா எதிர்ப்பக்கத்துல இருக்கு சனாயே சான். முதுகுதான் தெரிஞ்சிருக்கும்,” என்றாள் யொரிகோ. கூட்டத்திலேயே சின்னவள், காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. “இறங்கினது நம்ம முன்னாடி.”

“நம்ம மூக்குக்கு நேரா. மசாயோ, நீ சொல்லு.”

“முழுசா வந்துச்சு,” என்றாள் மசாயோ.

அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தவர் ஹிபினோ. சுமிரேயின் ரசிகர். பல வருடமாக எல்லாப் போட்டியிலும் இவர்கள் பேனருக்குப் பக்கத்திலேயே அவரும் தன் பேனரைக் கட்டுவார். கயிறு குறைந்தால் கடன் கொடுப்பார். தன் பெண் ஜெயித்த சந்தோஷத்தை முகத்தில் காட்டாமல், பைனாகுலரை உறையில் போட்டுவிட்டு, மூவருக்கும் தலை குனிந்து, “கஷ்டமா இருக்குங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நகோயாவுக்குத் திரும்பும் ரயிலில் மசாயோ வாங்கிய சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவே இல்லை. பனிமலைகள் போய்க்கொண்டிருந்தன. அவள் செல்போனில் தட்டினாள்: “நான் நான்காம் வரிசையில் இருந்தேன். கனாமி இறங்கிய இடத்துக்கு நேர் எதிரே. காலணிக் கத்தி முழுசாகத் திரும்பி வந்ததை என் கண்ணால் பார்த்தேன்.” அரங்கத்தில் யாரும் படம் பிடிக்கக் கூடாது என்பது விதி, தொலைக்காட்சியிலும் முதுகுப் பக்கம்தான் வந்தது. ஆகவே அந்தத் தாவலுக்கு உலகத்தில் ஒரு சாட்சி கிடைத்துவிட்டது. ரயில் நகோயாவைத் தொடுவதற்குள் அவள் வாக்கியத்தை ஆயிரக்கணக்கானவர்கள் பகிர்ந்திருந்தார்கள்.

மசாயோவுக்கு வேலை பேருந்து நிலையத்தில். பயணிகள் விட்டுவிட்டுப் போகும் பொருள்களை வாங்கி வைத்து, உரியவர்களிடம் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். குடையைப் பார்ப்பதற்கு முன்பே “அது என்னுதுதான்” என்று கை நீட்டுபவர்கள் உண்டு. “கைப்பிடி என்ன நிறம்?” என்று கேட்பாள், முழிப்பார்கள். பதினொரு வருடத்துக்கு முன்பு ஒரு மார்கழிக் குளிரில் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி அழுது வீங்கிய கண்ணோடு வந்து, பஸ்ஸில் விட்ட ஸ்கேட்டிங் காலணியைக் கேட்டாள். அடையாளம் சொல்லச் சொன்னபோது இடது கத்தியின் குதிகால் பக்கம் ஒரு நசுங்கல், அதற்குக் காரணமான தம்பி, அவன் வாங்கிய அடி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மசாயோ அவளைப் பார்ப்பதற்கென்றே பனித்தரைக்குப் போனாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான். சொந்தமாகப் பிள்ளை இல்லாததால் இப்படி என்று ஆட்கள் சொல்வது அவளுக்குப் பிடிக்காது. “பிள்ளை இருந்தா இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டேன்,” என்பாள்.

புது வருடம் பிறந்த கையோடு சனாயே காபிக் கடைக்கு வரச் சொன்னாள். காபி கேட்டால் சிவப்புப் பயறு இனிப்பு தடவிய டோஸ்ட்டும் சேர்ந்து வரும் கடை. உட்கார்ந்ததும் உட்காராததுமாக விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

“டிவிக்காரங்க வராங்க. சாயந்தர நிகழ்ச்சி. உன்னைப் பேட்டி எடுக்கணுமாம். சனிக்கிழமை, இதே கடையில.”

“என்னையா?”

“பின்ன, என்னையா? பார்த்தது நீதானே. உலகப் போட்டிக்குப் பட்டியல் அறிவிச்சிட்டாங்க, சரி. பேர் பதிவு பண்ண இன்னும் நாள் இருக்கு. டிவியில வந்தா ஸ்கேட்டிங் சங்கம் யோசிச்சே ஆகணும். எங்க, ஒருதரம் சொல்லிக் காட்டு. நான்தான் நிருபர். அந்த நேரத்துல என்ன பார்த்தீங்க?”

மசாயோ டோஸ்ட்டைப் பிட்டாள். பிட்டதை வாயில் போடவில்லை.

“சனாயே சான், ஃபிளிப் வரப்போ நான் கண்ணை மூடிக்குவேன்.”

“என்ன?”

“மோரியோக்கா போட்டியில அவ விழுந்து கணுக்கால் போச்சே, அன்னைக்கு நல்லா முழிச்சுப் பார்த்துட்டு இருந்தேன். அதுலேர்ந்து ஃபிளிப்புன்னா மூடிக்குவேன். கைதட்டுற சத்தம் கேட்டப்புறம்தான் திறப்பேன்.”

சனாயே கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். 

“அப்போ எதுக்கு எழுதின?”

“கோபத்துல எழுதிட்டேன். கைதட்டின விதத்துலயே தெரிஞ்சுது, நல்லா இறங்கினான்னு.”

சனாயே காபியை எடுத்தாள், வைத்தாள். “போகட்டும், நான் பார்த்தேன்னு நான் சொல்லியிருப்பேன்,” என்றாள். பிறகு குரல் இறங்கியது. “நானும் கைக்குட்டையில முகத்தைப் புதைச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்.”

இருவரும் யொரிகோவைப் பார்த்தார்கள்.

“என்னை ஏன் பார்க்கிறீங்க? நான் எப்பவும் உங்க ரெண்டு பேர் மூஞ்சியைத்தான் பார்ப்பேன். அவ விழுந்தா அதுலயே தெரிஞ்சிடுமே.”

“எங்க கண்ணு மூடியிருந்துச்சே, அது தெரியலயா உனக்கு?”

“தெரிஞ்சுது. பெரியவங்க ஒரு கண்ணையாவது லேசா திறந்து வச்சிருப்பீங்கன்னு நினைச்சேன்.”

மூவருக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அடங்கிவிட்டது. அந்தப் பெண்மேல் உயிரையே வைத்திருந்த மூன்று பேர், கை நீட்டினால் எட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்த ஒரு கணத்தை மட்டும் கோட்டை விட்டிருந்தார்கள். மசாயோவுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

“இது இந்த மேசையைத் தாண்டக் கூடாது,” என்றாள் சனாயே. “சனிக்கிழமை நீ பேசற.”

பார்த்தவர் ஒருவர் இருக்கக்கூடும் என்று மசாயோவுக்கு அன்று வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது. ஹிபினோவுக்கு வேலை தானியங்கி பானப் பெட்டிகளைப் பழுது பார்ப்பது. அந்த வாரமே பேருந்து நிலையத்துக்கு வந்தார். மசாயோ ஜன்னலில் ‘இதோ வருகிறேன்’ பலகையை வைத்துவிட்டு வெளியே ஓடினாள். அவர் பெட்டியின் கதவைத் திறந்து, தோள்வரை கையை உள்ளே விட்டிருந்தார்.

“ஹிபினோ சான், ஒன்னு கேக்கணும். அன்னைக்கு கனாமியோட ஃபிளிப்...”

“இறங்கினா. முழுசா,” என்றார் அவர், கையை எடுக்காமலே.

“நீங்க பார்த்தீங்களா?”

“பைனாகுலர்ல. உங்க பொண்ணு விழுந்தா எங்க பொண்ணுக்கு இடம். அப்படிப் பார்க்கிறவன் கண்ணைச் சிமிட்டுவானா? கத்தி சுத்தமா திரும்பி வந்து உக்காந்துச்சு. சே, அழகா இறங்கித் தொலைச்சிட்டாளேன்னு நினைச்சேன்.”

மசாயோ இன்னும் கிட்டே வந்தாள். “டிவிக்காரங்க வராங்க. அவங்ககிட்ட இதைச் சொல்லுங்க. என் பேர் வேண்டாம், எதுவும் வேண்டாம்.”

“மாட்டேன்.”

“உண்மைதானே?”

அவர் கையை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டார். “நீங்க எழுதினதுக்குக் கீழே என்ன வந்திருக்குன்னு படிச்சீங்களா?”

படித்திருந்தாள், பாதியில் நிறுத்தியிருந்தாள்.

“திருடின்னு எழுதறாங்க. பதினேழு வயசுப் பொண்ணை. புது வருஷத்துலேர்ந்து பயிற்சிக்கே வரல. அவங்க அம்மா என்கிட்ட வந்து, நீங்க பெரியவங்க, ஏதாவது செய்யக் கூடாதான்னு கேக்கறாங்க. நான் போய் டிவியில உக்காந்து, ஆமாம், அந்த இடம் அவளோடது இல்லைன்னு சொல்லணுமா?”

“அது நடுவர்கள் பண்ணின தப்பு. சுமிரே பேரை நான் எழுதவே இல்லையே.”

“நீங்க எழுதல. எழுதினவன் ஒவ்வொருத்தனும் உங்க வார்த்தையைத்தான் மேல ஒட்டி வச்சிருக்கான்.” பெட்டியை மூடினார். சோதனைக்குத் தட்டியதில் சூடான டின் காபி ஒன்று உருண்டு வந்தது. எடுத்து அவளிடம் கொடுத்தார். “நான் சொன்னது நமக்குள்ள. என் பேரை இழுக்காதீங்க, மசாயோ சான்.”

பேரை இழுக்க மாட்டேன் என்று அவளும் சொல்லிவிட்டாள். வேறு என்ன சொல்ல முடியும், அந்த நேரத்தில்.

பார்த்தவர் ஒருவர் உண்டு, பேர் சொல்ல முடியாது என்று சனாயேயிடம் போனில் சொன்னபோது அவள் ஒரே வரியில் முடித்தாள். “பார்த்தவங்களே சொல்லிட்டாங்க. அப்போ நீ சொல்லப் போறது உண்மைதானே?”

“உண்மைதான். பார்த்தது நான் இல்லையே.”

“யார் பார்த்தா என்ன? இறங்கினாளா, இல்லையா?”

“இறங்கினா.”

“அப்போ சொல்லு. அந்தப் பொண்ணு வாழ்க்கையில இனி ஒரு உலகப் போட்டி கிடையாது. உன் மனசாட்சியை அப்புறமா ஒரு நாள் கழுவிக் காயப் போட்டுக்கலாம்.”

சனிக்கிழமை நிருபர் வந்தார். கம்பளித் துண்டு சுற்றிய இளைஞர், பேச்சில் அத்தனை பணிவு. கேமரா தோளில் ஏறியது. மேசையின் இந்தப் பக்கம் சனாயேயும் யொரிகோவும் உட்கார்ந்திருந்தார்கள்.

“அந்தக் கணத்துல நீங்க என்ன பார்த்தீங்கன்னு சொல்ல முடியுமா?”

சொல்லத்தான் வந்திருந்தாள். காலையில் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று தடங்கலில்லாமல் சொல்லியும் பார்த்தாகிவிட்டது. ஆனால் வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

“எதுவும் பார்க்கல. கண்ணை மூடியிருந்தேன்.”

“மன்னிக்கணும்?”

“பார்த்தேன்னு எழுதினது பொய். ஆனா தாவல் சரியாத்தான் இருந்துச்சு.”

“அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியும்.”

நிருபர் காத்திருந்தார். மேசைக்கு அடியில் சனாயேயின் கால் அவள் முழங்காலைத் தேடி உதைத்தது. “ஒருவேளை, ஓரளவுக்குப் பார்த்த மாதிரி ஏதாவது...?” என்று அவர் வழி எடுத்துக் கொடுத்தார். திட்டியிருந்தால்கூட மசாயோ தாங்கியிருப்பாள். அந்தப் பணிவைத்தான் தாங்க முடியவில்லை. இல்லை என்று தலையாட்டினாள். கேமரா தோளிலிருந்து இறங்கியது. வந்ததற்கு ஏதாவது வேண்டுமே என்று, போவதற்கு முன் டோஸ்ட்டைப் படம் பிடித்துக்கொண்டார்கள்.

“ரொம்ப நல்லவ நீ,” என்றாள் சனாயே, கோட்டை மாட்டிக்கொண்டே. “உன் நல்ல பேர் உனக்கு. கனாமிக்கு என்ன?”

 மசாயோவும் தனக்குள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இணையத்தில் போட்ட பதிவை எடுத்துவிட்டு, நான் பார்க்கவில்லை, மன்னியுங்கள் என்று எழுதினாள். சுமிரேயின் ஆட்கள் பொய்க்காரி என்றார்கள். கனாமியின் ஆட்கள் எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டார்கள். ஒரு பக்கத்தாராவது விட்டுவைப்பார்கள் என்று அவள் நினைத்தது தப்பு. ரசிகர் குழுவிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டிருந்தார்கள். செய்தது சனாயேயா வேறு யாரா என்று தெரியவில்லை, விசாரிக்கவும் இல்லை.

ஜனவரி பாதியில் அந்த நிகழ்ச்சி வந்தது. கணவர் தட்சுவோ கணப்பு வைத்த மேசைக்கடியில் காலை நீட்டிக்கொண்டு கமலா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நடுவர் தீர்ப்பு மாறாது, பட்டியலும் மாறாது என்று சங்கம் பதில் அனுப்பியிருப்பதாக அறிவிப்பாளர் சொன்னார். அடுத்து ஒரு பெண் வந்தாள். முகத்தை மங்கலாக்கியிருந்தார்கள். கீழே எழுத்து ஓடியது: நான்காம் வரிசையிலிருந்து பார்த்த ரசிகை.

தூணுக்குப் பக்கத்து இருக்கையில் தான் இருந்ததாக அவள் சொன்னாள். அந்த இருக்கை காலி. மசாயோவின் கோட்டும் சனாயேயின் கோட்டும் யொரிகோவின் கோட்டும் அன்று முழுக்க அதில்தான் கிடந்தன. அந்தப் பெண் இரண்டு விரலைக் காலாக்கி மேசைமேல் சுழற்றிக் காட்டினாள். கத்தி இப்படித் திரும்பி, இப்படி வந்து உட்கார்ந்தது, என் கண்ணால் பார்த்தேன் என்றாள். குரலில் ஒரு பிசிறு இல்லை.

மசாயோ தொலைக்காட்சிக்கு முன்னால் போய் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

“யாரு, உங்க கூட்டத்து ஆளா?” என்றார் தட்சுவோ.

“யாருன்னே தெரியாது. அங்க உக்காரவே இல்ல.”

“அப்போ சொல்றதெல்லாம் பொய்.”

 திரையில் அந்த விரல்கள் இன்னொரு முறை சுழன்று, சுத்தமாக இறங்கின.

“இல்ல,” என்றாள். “சொல்றது சரிதான்.”

“சரின்னா உனக்கு யார் மேல இவ்வளவு கோபம்?”

“அதான் தெரியல,” என்று சொல்லிவிட்டு, அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.