லாஷ் என்றால் விடு

போன வாரம் பீச் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். நடை என்றால் டாக்டருக்குப் பயந்து நடப்பது. பாதி தூரத்தில் சுண்டல் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பிவிடுவேன். ஒரு வெள்ளைக்கார அம்மா, செருப்பைக் கவ்விக்கொண்டு தராத தன் நாயைப் பார்த்து “லாஷ்!” என்று அதட்டினார். நாய் உடனே விட்டுவிட்டது. நான் நடையை விட்டு அங்கேயே நின்றுவிட்டேன்.

உங்களுக்குப் பிரெஞ்சு தெரியாவிட்டால் பரவாயில்லை, எனக்கும் தெரியாது. அந்த ஒரு சொல்தான் தெரியும். விடு என்று அர்த்தம்.

சொல்லிக்கொடுத்தவர் ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். உப்பளம் மைதானத்தில் அவர் ரக்பி டீம் ஆரம்பித்ததும் நானும் சேர்ந்தேன். ஆட்டம் வராததால் ஓரத்தில் நின்று கத்தும் உத்தியோகம் கிடைத்தது. என் சிநேகிதன் ஏழுமலையை இழுத்துக்கொண்டு போனதும் நான்தான். அவன் நல்ல கபடிக்காரன். மில் மூடி அப்பா வீட்டோடு உட்கார்ந்த பிறகு, விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலை கிடைத்தால்தான் குடும்பம் நிமிரும் என்ற நிலை. “கபடில ஊர்ப்பட்ட கூட்டம்டா. ரக்பில ஆளே இல்ல, சீக்கிரம் மேல போயிடலாம்” என்று பெரிய மனுஷன் மாதிரி பேசினேன்.

ரக்பியில் ஆளைச் சாய்த்துவிட்டால் அவன் உடனே பந்தை விட வேண்டும். கபடிக்காரனுக்கு அது எப்படி வரும்? பிடிபட்டாலும் மூச்சு இருக்கும்வரை கோட்டை நோக்கி இழுப்பதுதானே அவன் ஆட்டம்! நாலு பேர் மேலே கிடந்தாலும் ஏழுமலை பந்தை விடமாட்டான். விசில் ஊதி எதிரணிக்குக் கொடுத்துவிடுவார்கள். அதனால் அவன் விழும்போதெல்லாம் சொல்தாவும் நானும் “லாஷ், லாஷ்” என்று தொண்டை வற்றக் கத்துவோம். இரண்டு வருஷத்தில் பழகிவிட்டான். அந்தச் சொல் காதில் விழுந்தால் உடம்பு தானாகத் தளர்ந்துவிடும்.

அந்த வருஷம் வேலைக்கான விளையாட்டுப் பட்டியலில் ரக்பியே இல்லை. வயது வரம்புக்கோ ஆறு மாதம்தான் பாக்கி. வேறு வழியில்லாமல் கபடிக்கே திரும்பினான். தேர்வு ஆட்டத்தின் கடைசி ரெய்டில் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது கணுக்காலைப் பிடித்தார்கள். விழுந்தான். நடுக்கோட்டுக்கு ஒரு சாண்தான் இருந்தது. கூட்டத்தில் நின்ற நான், பாழாய்ப்போன பழக்கம், “லாஷ்!” என்று கத்திவிட்டேன்.

நீட்டிய கை அப்படியே தளர்ந்தது. விசில் ஊதிவிட்டார்கள். போலீஸ் வேலையும் அதோடு போயிற்று.

அடிப்பான் என்றுதான் நின்றேன். முழங்கை மண்ணைத் தட்டிக்கொண்டே வந்தான். “நீ கத்தலன்னாலும் உட்ருப்பேன் மச்சான். இழுக்கறது ஒடம்புக்கே மறந்துபோச்சி” என்றான். என்னைத் தேற்றத்தான் சொன்னான், எனக்குத் தெரியாதா?

சொல்தா பிரான்சில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். டீம் கலைந்தது. நாங்கள் ஆடிய இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. ஏழுமலையின் முகத்தைப் பார்க்கக் கூசி நான்தான் ஒதுங்கிப்போனேன். அவன் திருப்பூர் பக்கம் போனதாகக் கேள்வி, பழைய நம்பரில் வேறு யாரோ எடுக்கிறார்கள். அன்றைக்கு அவன் என்னை வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால், நாங்கள் இன்னும் பேசிக்கொண்டிருப்போம்.