காலுறை போட்ட கை

"சிங்கராசா அன்ரோனெற், வயது ஐம்பத்தெட்டு, விதவை, பேசாலை. மேற்படியார் முடக்குவாதத்தினால் முற்றாக முடங்கியவர். எழுந்து நடமாடவோ கையொப்பமிடவோ இயலாதவர். ஆகையால் கருவாடு உலர்த்தும் வாடிக்கான அனுமதிப்பத்திரம் அவரது கணவரின் தம்பி கிறகரி பெயருக்கு மாற்றப்படவுள்ளது. ஆட்சேபணை இருப்பின் மேற்படியார் 1982 தை 12ஆம் திகதி நண்பகலுக்கு முன் நேரில் வந்து, கையொப்பமிட்டுத் தெரிவிக்கலாம்."

நடக்க மாட்டாதவரை நேரில் வரும்படியும், கையொப்பமிட மாட்டாதவரைக் கையொப்பமிடும்படியும் கேட்ட மன்னார் அரசாங்கக் கந்தோரின் நம்பிக்கையை மெச்சத்தான் வேண்டும். தபாற்காரர் கடிதத்தைக் கொடுத்தபோது மேற்படியார் வாடியில் நின்று கட்டாக் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். வாசித்து முடித்ததும் கையிலிருந்த கருவாட்டை இரண்டாக முறித்தார்.

இதில் ஒருவரும் முழுப் பொய் சொல்லவில்லை என்பதுதான் விசேஷம். டாக்குத்தர் மூட்டு நோயின் பெயரை ஆங்கிலத்தில் எழுதினார். ஆஸ்பத்திரியில் தமிழ்த் துண்டுச்சீட்டு எழுதியவர் அதை 'முடக்குவாதம்' என்றார், சரியான தமிழ்தான். கிறகரி விண்ணப்பத்தில் 'முடங்கியவர்' என்று எழுதினான். கந்தோர் தன் பங்குக்கு 'முற்றாக' என்பதைச் சேர்த்தது. நான்கு கை மாறுவதற்குள் அன்ரோனெற் படுக்கையில் விழுந்துவிட்டார்.

பேசாலை இருப்பது, வருடத்தில் பத்து மாதம் வேகிற மன்னார்த் தீவில். மார்கழியில் வாடைக்காற்று எழும்பினால் மட்டும் கதை வேறு. மலைநாட்டு நுவரெலியாக்காரரிடம் இதைக் குளிர் என்று சொன்னால் சிரிப்பார். அன்ரோனெற்றின் விரல்களுக்கு நுவரெலியா தெரியாது. விடியும்போது அவை நண்டுக்கால்போல வளைந்து நிற்கும். முழங்கால் இரண்டும் கதவுக் கீல்போலச் சத்தமிடும். கையைக் குளிரில் விடாதே, சும்மாவும் வைத்திருக்காதே என்று டாக்குத்தர் சொன்ன இரண்டையும் அவர் ஒரே நாளில் செய்துகாட்டினார். காலையில் வறுத்த உப்பைத் துணியில் முடிந்து ஒத்தடம். பிறகு, உதைபந்தாட்டக்காரனாயிருந்த கணவனின் நீளமான சிவப்புக் காலுறைகளை முழங்கைவரை இழுத்துவிடுவார். பத்துமணி வரை வாயால் வேலை, அதற்குப் பிறகு கையால். வாடியில் வேலைக்கு நின்றவர்களுக்கு முதலாவதுதான் பயம்.

பன்னிரண்டாம் திகதி அவருக்கு ஒத்தடத்துக்கு நேரமில்லை. முதல் பஸ்ஸில் மன்னார் நகரத்துக்குப் போய், கந்தோர்ப் படி ஒவ்வொன்றுக்கும் ஒரு வசவு சொல்லி ஏறினார். வரிசையில் அவர் முறை வரப் பத்துமணி தாண்டிவிட்டது.

"நீங்கள் அன்ரோனெற்றின்ர ஆளோ?" என்று கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார் மேசையிலிருந்த லிகிதர் சீவரத்தினம்.

"நான்தான் அன்ரோனெற்."

"அவ நடக்கமாட்டா எண்டு இதில இருக்கு, அம்மா."

"அப்ப என்னைப் பேசாலையிலயிருந்து தூக்கிக்கொண்டு வந்தது ஆர்? நீங்களோ?"

அடையாள அட்டையைப் பார்த்து, அட்டையின் சொந்தக்காரியைப் பார்த்து, சிவப்புக் காலுறைகளையும் பார்த்து, லிகிதர் பேனாவை நீட்டினார். அன்ரோனெற் வலது காலுறையைக் கழற்றினார். விரல்கள் மடங்க மறுத்தன. பேனா இரண்டுதரம் மேசையில் விழுந்தது.

"பரவாயில்லை அம்மா. பெருவிரலை வையுங்கோ, மை இருக்கு."

"கையெழுத்துப் போடமாட்டாள் எண்டு நீங்கள் எழுதுவியள். அதுக்குக் கீழ நான் கைநாட்டு வைச்சு, ஓம் எண்டு ஒத்துக்கொள்ளுறதோ?"

அது நியாயமாக இருந்ததுதான் சீவரத்தினத்துக்குத் தொல்லை. "பன்னிரண்டு மணிக்குப் பூட்டிப்போடுவம், அம்மா."

"பூட்டுங்கோ. அதுக்கு முதல் வாறன்."

அப்போது பத்தரை. எதிரே ஜமால்தீனின் தேத்தண்ணிக் கடை.

"ஜமால்தீன் நானா, ஒரு சட்டி சுடுதண்ணி தாங்கோ."

"தேயிலை போடாமலோ?"

"கையை வைக்கப்போறன்."

"கடை திறந்து இருபது வருஷம், அக்கா. கைக்குத் தேத்தண்ணி கேட்டு வந்தது நீங்கள்தான்," என்றார் ஜமால்தீன். ஆனாலும் கேட்காமலே ஒரு பிடி உப்பும் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். தண்ணீர் ஆற ஆற மாற்றினார்.

மூன்றாவது சட்டியில் கை இருக்கும்போது, கந்தோருக்கென்று வந்த கிறகரி எதிரே வந்து நின்றான்.

"மச்சாள், இந்தக் குளிருக்கை ஏன் வெளிக்கிட்டனீங்கள்?"

"படுக்கையில போட்டனியெல்லோ. படுக்கை எப்பிடி எண்டு சொல்ல வந்தனான்."

"உங்கட நன்மைக்குத்தான் செய்தனான். குளிருக்கை வேலை கூடாதெண்டு டாக்குத்தரே சொன்னவர்."

"குளிருக்கை வேலை கூடாதெண்டு சொன்னவர். வாடி கூடாதெண்டு சொன்னவரோ?"

கிறகரி கால்மாற்றி நின்றான். "இன்னும் எத்தினை நாளைக்கு மச்சாள் இந்தக் கையோட..."

"என்ர கையின்ர நாளை நீ எண்ணாத. உன்ர அண்ணன் செத்து ஆறு வருஷம். காத்துக்கு வாடிக் கூரை ரெண்டுதரம் பறந்தது. தடி நட்டு ஓலை கட்டினது ஆர்? அண்டைக்கு உனக்கு என்ன வாதம் பிடிச்சது?"

ஜமால்தீன் சிரிப்பை மறைக்கக் கேத்தலைத் துடைத்தார்.

வெறும் பேராசைக்காரன் என்றால் அன்ரோனெற் அவனை ஒரு சொல்லில் முடித்திருப்பார். அவன் கண்ணில் உண்மையான இரக்கமும் இருந்தது. அதுதான் அவரை எரித்தது. திருட வந்தவனைத் துரத்தலாம்; இரங்கிக்கொண்டே எடுப்பவனை என்ன செய்வது? அவர் தண்ணீருக்குள் விரல்களை மடக்கினார், நிமிர்த்தினார், பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி மடக்கினார். சின்னவிரல் முதலில் வழிவிட்டது.

பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது அவர் கந்தோர் மேசையில் பேனாவைப் பிடித்தார். ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். கடைசி 'ற்'றின் புள்ளியை வைத்தபோது தாள் துளைபட்டது.

சீவரத்தினம் துளையைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆட்சேபணை ஏற்கப்பட்டது, மாற்றம் இல்லை" என்று எழுதினார்.

"அந்த 'முற்றாக முடங்கியவர்' எண்டதை வெட்டுங்கோ."

"கோவையில ஏறினதை வெட்ட எங்களுக்கு அதிகாரமில்லை, அம்மா."

"ஏத்த மட்டும் இருந்ததோ?"

சீவரத்தினம் கோவையைக் கட்டி அலுமாரியில் வைத்தார். வசனம் கோவையிலேயே இருந்தது.

அன்று பின்னேரம் அன்ரோனெற் பேசாலைக்குத் திரும்பி, வாடியில் இரண்டு கூடை கட்டா மீனைக் கிழித்து உப்பிட்டார்.