சதைத்துணுக்கோடு போன அடுப்புக்கரி

என் மருமகளுக்கு முகம் சிவந்து, மூட்டு வீங்கி, சீப்பு நிறைய முடி கொட்டியபோது அந்த நோய்க்கு நான் வைத்த பெயர் சோம்பேறித்தனம். கால் வீங்கியபோதும், "உக்காந்துகினே இருந்தா கால் வீங்காம கொம்பா முளைக்கும்?" என்றேன். என் மகன் குவைத்தில் டிரைவர். கல்யாணமான ஆறாம் மாதமே விமானம் ஏறிவிட்டான். அதனால் திருப்பதி ஆஸ்பத்திரியில் அவளுக்குத் துணை நானும், நகரியிலிருந்து வந்த அவள் அம்மாவும். எங்களை ஒரே கட்டிலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உட்காரவைத்தது விதி.

சம்பந்தி வீட்டில் நாலு பவர்லூம் ஓடியது. கேஸ் அடுப்பும் வந்திருந்தது.

"எங்க வூட்ல இப்ப புகையே இல்ல சம்பந்தியம்மா. செவுரு பாலு மாதிரி இருக்குது."

எங்கள் ஊர் குடிபாலாவில் என் அடுப்படிச் சுவர் எருமை நிறம். "செவுரு வெளுத்து இன்னா பிரயோசனம்? பொண்ணுல்ல வெளுத்துப்போய் படுத்திருக்குது" என்றேன். அன்றைய கணக்கில் அது எனக்கு வெற்றி.

டாக்டரம்மா பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் சொன்னாள். நோயின் பெயர் லூபஸ். உடம்பைக் காக்கவேண்டிய காவலே திரும்பி உடம்பைக் கடிக்குமாம். இப்போது கிட்னியில் கை வைத்திருக்கிறதாம். எங்கள் ஊர்க் காவல்காரனை எனக்குத் தெரியும் என்பதால் உடனே புரிந்தது.

"முதுகுல ஊசி விட்டு கிட்னியிலருந்து நூல் மாதிரி சதை எடுப்போம். ஒரு துண்டு இங்க பாப்போம். இன்னொண்ணு நீங்க வேலூர் லேபுக்கு எடுத்துட்டுப் போகணும். அங்க மருந்து பூசிப் பாத்தா, கிட்னியில என்னென்ன புரோட்டீன் படிஞ்சிருக்கோ அதெல்லாம் பச்சையா மின்னும். அதையும் பாத்துதான் லேசான மருந்தா கடுமையான மருந்தான்னு சொல்லுவேன். கடுமையானது குடுத்தா பிள்ளை தங்காம போகலாம். குடுக்காம விட்டா கிட்னி போயிடும். அர்த்தமயிந்தா?"

அர்த்தமானது. பேரப்பிள்ளை கேட்டு அவளை நச்சரித்தவளே நான்தான்.

மறுநாள் காலை ஊசி. உப்புத் தண்ணீர் பாட்டிலில் சதை, அதைச் சுற்றி ஐஸ், எல்லாம் ஒரு பிளாஸ்குக்குள். "மூடியைத் திறக்காதீங்க" என்று நர்ஸ் இரண்டு தரம் சொன்னாள். நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி நம்பாததால் இரண்டு பேருமே பஸ் ஏறினோம்.

எங்கள் ஊர்ப் பக்கம் மீனோ கறியோ எடுத்துக்கொண்டு வழி நடந்தால் கூடவே ஒரு துண்டு அடுப்புக்கரியோ இரும்போ போடுவோம். இல்லாவிட்டால் வாசனைக்குப் பேய் பின்னால் வரும். புத்தலப்பட்டு தாண்டியதும் சம்பந்தி பையிலிருந்து ஓர் ஆணியை எடுத்து, பிளாஸ்கைத் திறந்து ஐஸுக்குள் செருகினாள்.

"இன்னாத்துக்கு ஆணி? பேய் துன்னுட்டு பல்லு குத்தவா?"

"உச்சி வேளையில சதைய எடுத்துக்கினு போறோம். எம் பொண்ணு சதை. உனுக்கு இன்னா வலிக்குது?"

"எம் மருமவ சதை. நீ கட்டிக் குடுத்துட்ட, தாயே."

முன் சீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பயம் எனக்கும் வந்துவிட்டது. அவள் ஆணிதான் என் மருமகளைக் காப்பாற்றியது என்று நாளைக்கு ஊரெல்லாம் சொல்வாளே என்ற எரிச்சல் அதைவிடப் பெரிதாக வந்தது. முந்தின நாள் வீட்டிலிருந்து ஏரி மீன் குழம்பு கொண்டுபோனபோது தூக்குச்சட்டியில் போட்ட கரி என் சுருக்குப்பையில் இருந்தது. சித்தூர் பஸ் ஸ்டாண்டில் அவள் தண்ணீர் குடிக்க இறங்கினாள். ஆணி பாட்டிலுக்கு வெளியேதானே இருக்கிறது, சதையோடு இருந்தால்தானே காவல் என்று நான் பாட்டிலின் மூடியையே திருகி, கரியை உள்ளே போட்டேன்.

வேலூர் வரை ரோடு சரியில்லை.

லேப்காரர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கினார். தண்ணீர் மசி. கரி இடித்து இடித்து அந்த நூல் சதை கூழாகியிருந்தது.

"யாரும்மா இதுல கரி போட்டது? இனி ஒண்ணும் பாக்க முடியாது. மறுபடி ஊசி குத்தி எடுத்துக்கினு வாங்க."

ஐஸுக்குள் ஆணி இருந்தது. நான் முகவாயால் சம்பந்தியைக் காட்டினேன். அவள், "ஆணி மட்டுந்தான் சார், ஆணி மட்டுந்தான்" என்றாள். ஆணி போட்டவள் கரி போடமாட்டாளா? யாரும் நம்பவில்லை.

திருப்பதியில் அவளைத் திட்டாதவர் பாக்கியில்லை. நானும் திட்டினேன், எல்லாரையும்விடச் சத்தமாக.

இரண்டாம் தரம் ஊசி போட்டபோது அந்தப் பெண் கத்தியது வராண்டா வரைக்கும் கேட்டது. பாட்டிலைச் சம்பந்தி தனியாகக் கொண்டுபோனாள். மருமகள் இடுப்புக்கடியில் மணல் மூட்டை வைத்து மல்லாந்து கிடந்தாள். அசையக்கூடாது. என்னைப் பார்க்காமல் மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்தே பேசினாள்.

"எங்கம்மா வூட்ல கேஸு. கரி ஏது அத்தை?"

நான் வெற்றிலையைத் தேடினேன்.

"மீன் கொழம்புல கிடந்த கரிய கழுவி நீ சுருக்குப்பையில போட்டத நான் பாத்தேன். எங்கம்மா வரதுக்குள்ள யோசிச்சிக்கோ. நீயே சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"உனுக்கு கிட்னிதான் கெட்டிருக்குது, கண்ணு நல்லாத்தான் இருக்குது" என்றேன். அவள் சிரிக்கவில்லை. என் வாழ்க்கையில் விழுந்து செத்துப்போன ஒரே கிண்டல் அது.

சாயந்திரம் சம்பந்தி வந்தாள். "இந்த தடவ ஆணிகூட போடல" என்று மகளிடம் மெதுவாகச் சொன்னாள். நான், "அந்தக் கரி என்னுது" என்றேன். அவள் அறைவாள் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"தெரியும்" என்றாள். "எம் பொண்ணு உன் வூட்லதான வாழணும்னு வாய மூடிக்கினு இருந்தேன். இனிமே அங்க வாழ வாணாம்."

ரிப்போர்ட்டில் எல்லாப் புரோட்டீனும் மின்னியிருந்தது. கடுமையான மருந்து. கிட்னி பிழைத்தது. மருந்து முடிந்ததும் மருமகள் அம்மா வீட்டுக்குத்தான் போனாள். மகன் குவைத்திலிருந்து வந்து நேராக நகரியில் இறங்கினான்.

மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் பார்த்துவருகிறேன். சம்பந்தி சோறு போடுவாள், பேசமாட்டாள். பேரப்பிள்ளையைப் பற்றி நான் கேட்பதில்லை. அந்த வெள்ளைச் சுவரில் சாய்ந்துகொள்வதும் இல்லை.