பின்கதவைக் காட்டினேன்

வத்தேகமையில் இருந்த எங்கள் வீட்டை வாங்குவதாகச் சொன்னவர் கடைசி நேரத்தில் வேண்டாம் என்றுவிட்டார். தமிழர் வீடுகளைத் தாக்கிய கலவரம் நடந்ததற்கு அடுத்த வருஷம் அது. விற்பனை நின்றுபோனதைவிட, அதுவரை வீடு பார்க்க வந்துபோனவர்களை நினைத்துத்தான் நான் பயந்தேன்.

சமைக்கிற குசினிக்குப் பின்னால் ஒரு சின்னக் கதவு உண்டு. திறந்தால் மிளகுக் கொடிகளுக்கு நடுவே ஓடைக்கு இறங்கும் பாதை. கலவரத்தில் பிள்ளைகளோடு அந்த வழியாகத்தான் தப்பினோம். வீட்டுக்கு அது பெரிய வசதி என்று நினைத்து, வந்தவர்களுக்கெல்லாம் நானே திறந்து காட்டினேன். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு அவ்வளவுதான் யோசனை போனது. நாங்கள் தப்பும் வழி ஊருக்கே தெரிந்துவிட்டது; இனி அந்த வீட்டில் நாங்களல்லவா இருக்க வேண்டும்?

மறுநாள் காலை, வீடு பார்க்க ஆட்களை அனுப்பிய புரோக்கரைத் தேடிப் போய், வந்தவர்கள் யார் யார் என்று கேட்டேன்.

"பேரெல்லாம் யாரும்மா எழுதி வைக்கிறாங்க? பஸ்ல பழகினவங்க, டீக்கடையில விசாரிச்சவங்க, எல்லாருந்தான். நீங்கதானே ஓடை வரைக்கும் கூட்டிப்போய்க் காட்டுனீங்க!" என்று சிரித்தார். "கவலைப்படாதீங்க. அதுல ஒருத்தர் நேத்தும் வந்து கேட்டாரு."

எனக்குப் போன உயிர் வந்தது. "வாங்குறாராமா?"

"விலையைப் பத்திப் பேசலையே." அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "நீங்க இன்னும் அங்கதான் இருக்கீங்களான்னு கேட்டாரு. பின்கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கான்னும் கேட்டாரு."

அன்று பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே நாவலப்பிட்டியில் இருந்த அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டேன்.