வெல்டா நீட்டிய பேனா

பேக்கர்ஸ்ஃபீல்டில் எண்ணெய்க் கிணற்று ஆட்கள் காலைச் சாப்பாட்டுக்கு வந்து குவிகிற கடையில் வெல்டாவும் நானும் பரிமாறுகிறோம். அவளுக்கு ஐம்பத்தாறு வயது. புருஷன் ராய்ஸ், படுக்கையில் கிடந்த தன் அம்மாவை ஒன்பது வருஷம் இவள் தலையில் கட்டியிருந்தான். கிழவியை அடக்கம் செய்த பதினைந்தாம் நாள், டோனா என்பவளோடு போய்விட்டான். விவாகரத்துகூட வாங்கவில்லை. வக்கீலுக்குக் காசு கொடுக்க மனசு வராத கஞ்சப் பிசினாறி.

வீடு இருவர் பெயரிலும் இருந்தது. வெல்டாவுக்கு மிச்சம் அது ஒன்றுதான்.

"அதையும் ஒருநாள் பிடுங்க வருவான்டி," என்றாள். வீடு விற்கும் தரகர் உரிமத் தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்தாள். சொத்துரிமைப் பாடத்தைச் சின்ன அட்டைகளில் எழுதி ஏப்ரன் பையில் வைத்துக்கொள்வாள். கூட்டம் குறைந்ததும் நான் கேள்வி கேட்பேன்.

"கூட்டு உரிமைல ஒருத்தர் செத்துட்டா?"

"உயிரோட இருக்கறவங்களுக்கு மொத்தமும். செத்தவர் உயில் எழுதியிருந்தாலும் செல்லாது. உயிரோட இருக்கும்போதே பத்திரம் போட்டுப் பிரிச்சாத்தான் உண்டு."

சொன்னவள் அப்படியே நின்றாள். அன்று மதியம் வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தாள். கூட்டு உரிமை என்றே எழுதியிருந்தது.

அடுத்த வாரம் ராய்ஸ் வந்தான். மூக்கில் ஆக்சிஜன் குழாய், சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு டோனா. பிஸ்கட் ரொட்டியும் கிரேவியும் சொல்லிவிட்டு ஒரு காகிதத்தை எடுத்துப் போட்டான்.

"என் பாதி வீட்டை டோனாவுக்கு உயில் எழுதிட்டேன். என் கையாலயே. வக்கீலும் வேண்டாம், கிக்கீலும் வேண்டாம். நான் போனதும் மரியாதையா காலி பண்ணிடு."

"சமையலறைக்கு மஞ்சள் பெயின்ட் அடிக்கப் போறேன்," என்றாள் டோனா.

எனக்கு வாய் துறுதுறுத்தது. வெல்டா என் காலை மிதித்தாள்.

காகிதத்தை நிதானமாகப் படித்தாள். "கையெழுத்தே போடலையே ராய்ஸ்? போடாட்டி செல்லாதே." தன் பேனாவை நீட்டினாள். "காபி இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?"

போட்டான், மடையன்.

அதன்பிறகு நாலு மாதம் அவள் சரியாகத் தூங்கவில்லை. விவரம் தெரிந்த எவனாவது அவனிடம் ஐந்து நிமிஷம் பேசினால் போதும், ஒரு பத்திரத்தில் எல்லாம் போய்விடும். தபால் வந்தால் அப்படிப் பத்திரம் ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொரு உறையாகப் பிரித்துப் பார்ப்பாள். அதற்கு நடுவிலேயே தேர்வு எழுதித் தேறினாள்.

அக்டோபரில் ராய்ஸ் செத்தான். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

டோனா உயிலோடு கடைக்கே வந்தாள். வெல்டா பத்திரத்தின் நகலை அவள் முன்னால் வைத்து, கூட்டு உரிமை என்ற வரியில் விரலை ஊன்றி, அதன் அர்த்தத்தையும் சொன்னாள். டோனாவின் முகம் வெளுத்தது.

"உனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"அடிப்பாவி! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவர் மாத்தி எழுதியிருப்பாரே!"

"அதனாலதான் சொல்லலை," என்றாள் வெல்டா.