ஞாயிற்றுக்கிழமை மதிப்பெண்

மீரிம் பிரான்சுக்குப் புறப்பட்ட அன்று, விமான நிலையத்து வாசலில் வைத்துக்கூட ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல குபா. பொண்டாட்டி படிக்கப் போனா புருஷனுக்கும் விசா குடுக்கறாங்க. பின்னாலயே கெளம்பி வந்துடேன்."

குபனிச் அவளுடைய பெட்டியின் பூட்டை மூன்றாவது முறையாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "வந்து? மீரிமோட புருஷன்னு சொல்லிக்கிட்டு ஜன்னல் ஓரமா உக்காந்திருக்கவா? ஆட்டுக்கு ஊசி போடத் தெரிஞ்சவனுக்கு லியோன்ல யாரு வேலை வெச்சிருக்கா? நீ போயிட்டு வா. ஒன்றரை வருஷம்தானே."

அந்த ஆகஸ்ட் காலையில் அதைச் சொல்வது அவனுக்குச் சுலபமாகத்தான் இருந்தது. அது அவ்வளவு சுலபமில்லை என்று செப்டம்பர் பாதியிலேயே தெரிந்துவிட்டது. வேலை முடிந்து வரும்போது பழக்கத்தில் முழு தந்தூர் ரொட்டி வாங்கி வந்துவிடுவான். பாதி தின்பான், மீதி காய்ந்துபோகும். மறுநாள் காலை அதைப் பிய்த்துப் பால்கனியில் போடுவான். கொஞ்ச நாளில் பிஷ்கேக்கின் ஜால் வட்டாரத்துப் புறாக்களுக்கெல்லாம் அந்த ஏழாம் மாடி வீடு தெரிந்துபோயிற்று. மனைவி போன வீட்டில் புறா வளர்க்கிறான் என்று கீழ்வீட்டுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

குபனிச்சுக்கு வயது முப்பத்துநாலு. கால்நடை மருத்துவம் படித்தவன். படித்த கையோடு இரண்டு வருஷம் நரின் பக்கத்து மேய்ச்சல் நிலங்களில் அலைந்துவிட்டு, தலைநகர் பிஷ்கேக்கில் அலமெதின் சந்தைக்குப் பின்னால் இருக்கிற கால்நடை மருந்துக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். எந்த மாவட்டத்துக்கு எந்தத் தடுப்பூசி எப்போது போக வேண்டும் என்பது அவனுக்கு விரல் நுனியில் இருந்தது. மூன்று வருஷத்தில் கிடங்கே அவன் பொறுப்பில் வந்துவிட்டது. அதற்கு மேலே போக அந்த இடத்தில் படியே இல்லை.

அக்டோபரில் ஒருநாள் தேயிலை எடுக்க அலமாரியைத் திறந்தவன், கதவின் உள்பக்கத்தைப் பார்த்து நின்றுவிட்டான். மீரிம் மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் பரீட்சைக்குத் தயார் செய்த காலத்தில், ஒவ்வொரு பயிற்சித் தேர்வு முடிந்ததும் வாங்கிய மதிப்பெண்ணைப் பென்சிலால் அங்கேதான் எழுதி வைப்பாள். 480, 530, 560, 590, 590, 640, 680. இரண்டாவது 590க்குப் பக்கத்தில் அழுகிற முகம் ஒன்று, பொட்டு அளவில். இத்தனை நாள் தினமும் திறந்த கதவுதான். அந்த முகத்தை அவன் அன்றுதான் பார்த்தான். அவள் அழுதிருக்கிறாள். அப்போது தான் பக்கத்து அறையில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

அன்று மாலையே அவளுடைய புத்தகங்களை இறக்கித் தூசி தட்டினான். அவள் போன வழியிலேயே, ஆனால் தன் காலாலேயே போய்ச் சேர்வது என்று முடிவு செய்துகொண்டான்.

மீரிம் எழுதிய பிறகு பரீட்சையை மாற்றியிருந்தார்கள். கணக்கு, மொழி, தரவு என்று மூன்று பகுதி, ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். மதிப்பெண் முறையும் மாறி, இப்போது எல்லாமே ஐந்தில்தான் முடியும். நவம்பரில் எழுதிய முதல் பயிற்சித் தேர்வில் குபனிச் 435 வாங்கினான்.

"நானூத்தி முப்பத்தஞ்சா!" என்று மீரிம் தொலைபேசியில் சிரித்தாள். "கண்ணை மூடிக்கிட்டு குறிச்சாலும் இதைவிடக் கொஞ்சம் அதிகமா வருமே!"

"கண்ணைத் திறந்துட்டுத்தான் குறிச்சேன். அதான் பிரச்சினை."

அதன் பிறகு அது வழக்கமாயிற்று. ஞாயிறு காலை ஒன்பது மணிக்குச் சமையலறை மேஜையில் உட்காருவான். பதினொன்றரைக்கு முடியும். விடைகளைச் சரிபார்த்துவிட்டு ஒரு மணிக்கு அழைப்பான். அங்கே அப்போது காலை எட்டு. அவள் தலை கலைந்து, போர்வைக்குள்ளிருந்தே பேசுவாள். முதல் கேள்வி எப்போதும் "எவ்வளவு?"

445. 485. 475. 515. ஜனவரி தொடக்கத்தில் 535. அங்கே போய் நின்றுவிட்டது. மூன்று ஞாயிறு அதே 535. நிலக்கரிப் புகை மண்டிய அந்தக் குளிர்காலத்தில் ஜன்னலைத் திறக்க முடியாது. மேஜை, புத்தகம், 535.

அவனைத் தின்றது தரவுப் பகுதி. அதில் ஒருவகைக் கேள்வி உண்டு. கேள்விக்குக் கீழே இரண்டு தகவல் தருவார்கள். விடை என்ன என்று கண்டுபிடிக்க வேண்டாம், விடை காண அந்தத் தகவல் போதுமா போதாதா என்று சொன்னால் போதும். குபனிச்சுக்கு மனசு ஒப்பாது. கடைசிப் புள்ளி வரைக்கும் போட்டுப் பார்ப்பான். பாதிக் கேள்வி மீதி இருக்கும்போதே நேரம் முடிந்துவிடும்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு 505க்கு இறங்கினான். அன்று தொலைபேசியை எடுத்த மீரிமின் குரல் அடையாளம் தெரியாமல் கம்மியிருந்தது. நாலு நாளாகக் காய்ச்சல். பக்கத்து அறைப் பெண் ஊருக்குப் போய்விட்டாள். கஞ்சி வைத்துத் தர ஆள் இல்லை.

"இங்க நான் செத்துக் கெடந்தாக்கூட திங்கட்கிழமை வகுப்புலதான் கண்டுபிடிப்பாங்க" என்றாள். சிரிக்கப் பார்த்து அழுதாள். அவன் என்னென்னவோ சொன்னான். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, என் கதைய விடு. எவ்வளவு?" என்றாள்.

"அறுநூத்தி நாப்பது" என்றான் குபனிச்.

எங்கிருந்து வந்தது அந்த எண் என்று அவனுக்கே தெரியாது. மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது நின்றது. பிறகு அவள், "ரொம்ப நல்லா இருக்கு குபா" என்றாள். குரல் மெத்தென்று ஆகியிருந்தது. "இன்னிக்கு நான் தூங்கிடுவேன்."

அடுத்த நாள் காலை தேயிலை அலமாரியைத் திறந்தபோதுதான் உறைத்தது. 640 அவளுடைய எண். மேலிருந்து ஆறாவது. தன் பரீட்சையில் அப்படி ஒரு மதிப்பெண்ணே கிடையாது. காய்ச்சலில் அவள் கவனித்திருக்க மாட்டாள் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டான். அடுத்த வாரம் 645 என்றான், அதற்கடுத்த வாரமும் 645 என்றான். உண்மையில் 525. அவள் "நல்லது" என்றாள், வேறு பேச்சுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமைக்காக ஏங்கியவன், ஞாயிறு வராமலிருந்தால் தேவலை என்று நினைக்கத் தொடங்கினான்.

மார்ச் மாதம் கிடங்கில் வேலை தலைக்கு மேல். வசந்தத் தடுப்பூசிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. குபனிச் ஒவ்வொரு குளிர்பெட்டியையும் திறந்து புட்டி புட்டியாக எண்ணுவதை, வரவுப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் அனார்குல் எஜே இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். அவனைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள், அதனால் அவனுக்கு எஜே, அதாவது அக்கா; வாய்க்குப் பஞ்சமில்லாதவள்.

"தம்பி, சீல் உடைஞ்சிருக்கா?"

"இல்ல எஜே."

"எடை?"

"சரியா இருக்கு."

"சூடு காட்டுற கருவி?"

"பச்சைதான்."

"அப்புறம் எதுக்குக் குடையற? உள்ள இருக்கற புட்டி ஒவ்வொண்ணும் எழுந்து உனக்கு சலாம் வெக்கணுமா? போதும்னு தெரிஞ்சா மூடி வெச்சிட்டு அடுத்த பெட்டிக்குப் போயேன். பொண்டாட்டி ஊர்ல இல்லாத கோபத்தை எம்மேல காட்டாத."

குபனிச் கையில் புட்டியோடு அப்படியே நின்றான். அவள் திட்டியதில் பாதிதான் காதில் விழுந்தது. அந்த ஞாயிறு தரவுப் பகுதியில் எதையும் கடைசிவரை போட்டுப் பார்க்கவில்லை. போதும் என்று தெரிந்த இடத்தில் பென்சிலை எடுத்துவிட்டான். கை பரபரத்தது. அடக்கிக்கொண்டான். முடித்தபோது ஆறு நிமிடம் மிச்சம். 575.

நாலு மாதத்தில் அவன் வாங்கிய மிக நல்ல மதிப்பெண் அதுதான். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. போன வாரம்தானே 645 என்று சொல்லியிருந்தான்? ஒரு மணி ஆகும்வரை அறைக்குள் நடந்தான். அழைத்து, அவள் "எவ்வளவு?" என்று கேட்பதற்கு முன்னாலேயே கொட்டிவிட்டான். பிப்ரவரியில் 505, அப்புறம் 525, இன்று 575. மற்றதெல்லாம் பொய்.

"தெரியும்" என்றாள் மீரிம்.

"என்ன தெரியும்?"

"உன் பரீட்சையில சைபர்ல முடியற மார்க்கே கிடையாதே குபா. அதுவும் அந்த அறுநூத்தி நாப்பது. அது என்னோடது இல்லயா? நான் எழுதினத எனக்கே படிச்சுக் காட்டினியே."

அவனுக்கு முகம் எரிந்தது. "அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"அன்னிக்கு எனக்கு அது வேணும்னு இருந்தது. நீ வந்துட்டே இருக்க, பாதி தூரம் வந்துட்டன்னு யாராவது சொல்லணும்னு இருந்தது. பொய்யா இருந்தா என்ன." கொஞ்சம் நிறுத்தி, "நான் வாராவாரம் எவ்வளவு எவ்வளவுன்னு கேட்டது மார்க்குக்காக இல்ல. வேற எதைக் கேட்டாலும் அழுதுடுவேன், அதான்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் மதிப்பெண் கேட்பதில்லை. அவன் தப்பாகப் போட்ட கேள்விகளைப் படிக்கச் சொல்வாள். லியோனில் அவள் பல் துலக்கியபடி கேட்க, பிஷ்கேக்கில் அவன் உரக்கப் படிப்பான். "மெதுவா படி. கேள்வி முடியறதுக்குள்ள விடைக்கு ஓடற. எங்கிட்ட பேசும்போதும் நீ இப்படித்தான்" என்பாள். மே மாதக் கடைசியில் 615 வந்தது. அதை அவனாகவே சொன்னான்.

ஜூனில் பிஷ்கேக்கில் தோதான தேதி கிடைக்காமல் எல்லை தாண்டி அல்மாட்டிக்குப் போய் அசல் தேர்வை எழுதினான். திரையில் வந்தது 575. திரும்பும் வழியில், எல்லைச் சாவடியில் பைகளோடு வரிசையில் நின்றபடி அவளை அழைத்தான். மதிப்பெண்ணைச் சொன்னான்.

"இதுவாவது பொய்யா இருக்கக் கூடாதா?" என்றாள் மீரிம்.

அத்தனை கூட்டத்துக்கு நடுவில் அவன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். முன்னால் நின்ற கிழவர் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு முடிந்ததும் பைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் ஓர் அடி நகர்ந்தான். அந்த மதிப்பெண்ணோடு விண்ணப்பித்த இரண்டு கல்லூரிகளும் மறுத்துவிட்டன.

ஆகஸ்டில் மீரிம் பதினாறு நாள் விடுமுறையில் வந்தாள். வீடு நிறைய உறவினர். யாராவது வந்துகொண்டே இருந்தார்கள், ஆடு அறுத்தார்கள், குழந்தை எப்போது என்று கேட்டார்கள். தனியாக இருந்தது இசிக்-குல் ஏரிக்கரையில் மூன்று நாள் மட்டும். அங்கேயும் எதைப் பேசினாலும் பாதியில் நிறுத்திவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டில் அவள் கரண்டிக்குத் தப்பான இழுப்பறையைத் திறந்தாள். அவன்தான் இடம் மாற்றியிருந்தான். "இங்கதானே இருந்தது" என்றாள். அந்த வார்த்தை அவள் போன பிறகும் பல நாள் அவன் காதில் நின்றது.

தேயிலைக் கதவையும் திறந்து பார்த்தாள். அவளுடைய வரிசைக்குப் பக்கத்தில் அவனுடைய வரிசை, 505, 525 எல்லாம் உள்பட, ஒன்றுவிடாமல். கதவை மூடிவிட்டு, "தேயிலை தீரப்போகுது, வாங்கணும்" என்றாள்.

டிசம்பரில் அவள் படிப்பு முடிந்தது. ஊர் திரும்ப வேண்டிய நேரத்தில் லியோனிலேயே இரண்டு வருஷ வேலை வந்தது. "வேண்டாம்னு சொல்லிடவா?" என்று கேட்டாள். சொல்லிவிடு என்பது அவன் நாக்கு நுனிவரை வந்தது. கேள்வியை முழுக்கக் கேட்டான், மெதுவாக யோசித்தான், "சேந்துக்கோ" என்றான். அதே மாதம் இரண்டாம் முறை தேர்வு எழுதி 635 வாங்கினான்.

ஏப்ரல் மாதம் ஒரு சனிக்கிழமை. நரினுக்கும் அத்-பாஷிக்கும் லாரிகள் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில் கைப்பேசியில் சேர்க்கைக் கடிதம் வந்தது. லியோனில்தான், மீரிமுடைய கல்லூரி அல்ல, அதைவிடச் சின்னது. பாதிக் கட்டணம் தள்ளுபடி, செப்டம்பரில் வகுப்பு. குபனிச் அதை இரண்டு முறை மேலிருந்து கீழ்வரை படித்தான்.

"என்ன, யாரு போயிட்டாங்க?" என்று அனார்குல் எஜே பதறினாள்.

"யாரும் போகல. நான்தான் போறேன்."

அவள் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். பிறகு தலைத்துணியின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போ, போ. இனிமே பெட்டிங்க நிம்மதியா இருக்கும்" என்றாள்.

அவன் கிடங்கின் பின்வாசலுக்குப் போய் மீரிமை அழைத்தான். அவள் கத்தினாள், பிறகு அழுதாள், பிறகு கட்டில் சின்னது, பெரிசு வாங்க வேண்டும் என்றாள். மாடிப்படி குறுகல், பெரிய கட்டில் ஏறாது என்று அவளே சொல்லி அவளே சிரித்தாள். ஐந்து மாதம் இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்ததுபோல் பேச்சு நின்றது.

"உன் ஜன்னல்ல என்ன தெரியும்?" என்று கேட்டான். ஒன்றரை வருஷத்துக்கு மேலாகப் பேசியும் அதை அவன் கேட்டதே இல்லை.

"எதிர்ல ஒரு சுவரு. பக்கத்துல ஒரு மரம்."

"மலை ஏதும் தெரியாதா?"

"தெளிவா இருக்கற நாள்ல ரொம்பத் தூரத்துல வெள்ளையா ஒண்ணு தெரியும். கழுத்தை வெளிய நீட்டணும்."

"இப்ப தெரியுதா, பாரு."

அவள் எழுந்து நடப்பதும், ஜன்னல் கொண்டி கிறீச்சிடுவதும் கேட்டது. அந்த ஊர்த் தெருவில் யாரோ ஏதோ சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் காத்துக்கொண்டிருந்தான்.

"இல்ல குபா," என்றாள் மீரிம். "இன்னிக்கு மேகம்."